சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: முற்றுமா, முற்றாதா? புரதங்கள் சொல்வதும் சொல்லாததும்

இதற்கு முன் இந்த இதழில் நான் எழுதியதெல்லாம் ரயில் பாலங்களைப் பற்றியும், குப்பம் வழியாகப் போகும் பெங்களூர்ப் பாதையைப் பற்றியும்தான். 38 ஆண்டுகள் ரயில்வேயில் உழைத்தவன், ஓய்வு பெற்ற பின் ரயிலே இல்லாத பலமனேரில் வந்து குடியேறியிருக்கிறானே என்று நம் ஆசிரியர் என்னைக் கேலி செய்வதுண்டு. இந்த முறை ரயிலை ஓரமாக நிறுத்திவிட்டு மருத்துவ விஷயம் ஒன்றை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்த என்ஜினீயர். ஆனால் இந்த நோய் 2021-ம் ஆண்டு என் உடம்பிலேயே வந்தது. அதனால் படிக்க வேண்டியதாயிற்று.

எழுதத் தூண்டியது சித்திரைத் திருநாள் பந்தி. பக்கத்து இலையில் பேரணாம்பட்டிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் நண்பர். சாம்பார் ஊற்றும்போதே மெதுவாகக் கேட்டார்: "சார், உங்களுக்கு வந்த அதே வியாதிதான் என் சம்பந்திக்கும் வந்திருக்கு. கட்டியைச் சுரண்டி எடுத்துட்டாங்க. இப்ப ஒரு லேப்காரர், புரோட்டீன் டெஸ்ட் எடுத்தா இது முத்துமா முத்தாதான்னு அச்சடிச்ச மாதிரி சொல்லிடலாம்னு சொல்றார். பெரிய தொகை கேக்கறார். எடுக்கலாமா?"

பாயசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வியா இது? "இரண்டு நாள் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்து, அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் கதை, சுருக்கமாக. ஒருநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை, எரிச்சல் இல்லை. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டதால் இருக்கும் என்றேன். வீட்டில் அவர், "உடம்புச் சூடுங்க" என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி. ஒரு டாக்டரிடம் போனேன். சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். நின்றது. இப்படியே மூன்று தடவை மாத்திரை, எட்டு மாதம் ஓடிவிட்டது. இந்த நோயின் சூழ்ச்சியே இதுதான்: ரத்தம் தானாகவே வரும், தானாகவே நிற்கும். மாத்திரை தின்ற வாரத்தில் நின்றால் மாத்திரையால் நின்றது என்று நினைத்துக்கொள்வோம். கடைசியில் பெங்களூரிலிருந்து வந்த மகன், "அப்பா, ஸ்கேன் எடுக்காம நான் திரும்பிப் போகமாட்டேன்" என்று அடம் பிடித்ததால் பார்த்தோம். பைக்குள் கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிதாக ஒரு கட்டி. வேலூருக்குப் போனேன்.

சிறுநீர்ப்பையின் சுவரை நம் வீட்டுச் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. அதற்குப் பின்னால் சிமெண்டுப் பூச்சு. அதற்கும் பின்னால் செங்கல். சுண்ணாம்பு என்பது சிறுநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உள்தோல். சிமெண்டுப் பூச்சு என்பது ரத்தக் குழாய்கள் ஓடும் இளகிய அடுக்கு. செங்கல் என்பது தசை. பெரும்பாலான கட்டிகள் சுண்ணாம்பில்தான் முளைக்கின்றன. சுண்ணாம்போடு நின்றால் டி.ஏ. என்றும், சிமெண்டுப் பூச்சுக்குள் இறங்கிவிட்டால் டி-1 என்றும், செங்கலைத் தொட்டுவிட்டால் டி-2 என்றும் குறிப்பு எழுதுவார்கள். இவை தவிர, கட்டியாக எழும்பாமல் சுண்ணாம்பிலேயே படர்ந்து கிடக்கும் ஒரு வகையும் உண்டு. பார்வைக்குச் சாதாரணச் சிவப்பு, குணத்தில் பொல்லாதது.

கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று பங்கு செங்கலைத் தொடாத நிலையில்தான் இருக்கின்றன. இது நல்ல செய்தி. சிறுநீர் வரும் வழியாகவே குழாயை விட்டு, வயிற்றைக் கிழிக்காமல் சுரண்டி எடுத்துவிடலாம். கெட்ட செய்தி, இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். ஆனால் திரும்ப வருவது வேறு, முற்றுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் குடும்பங்களில் பாதிப் பயமும் பாதி அலட்சியமும். சுண்ணாம்பில் வந்தது மறுபடி சுண்ணாம்பிலேயே வந்தால் மறுபடி சுரண்டலாம்; தொல்லைதான், ஆபத்து அதிகமில்லை. சுண்ணாம்பில் இருந்தது செங்கலுக்குள் இறங்குவதுதான் முற்றுவது. அப்படி இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுக்க வேண்டிவரும், உயிருக்கும் ஆபத்து.

ஆக, சுரண்டி முடித்த மறுநாள் ஒவ்வொரு நோயாளியின் மனத்திலும் எழும் கேள்வி ஒன்றே: என்னுடையது இறங்குமா, இறங்காதா?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. வேலைக் காலத்தில் பாதி நாள் இதே கேள்வியோடுதான் தண்டவாளத்தின் மேல் நடந்திருக்கிறேன். தண்டவாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை அல்ட்ராசானிக் கருவியை ஒரு சிறு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய்க் கண்டுபிடிப்போம். திரையில் ஒரு கூர்முனை எழும். விரிசல் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இன்று மாற்ற வேண்டுமா, கவனித்துக்கொண்டே இருந்தால் போதுமா? எல்லா விரிசலும் வளர்வதில்லை. சில பத்து வருஷம் அப்படியே கிடக்கும். சில, ஒரு குளிர்கால விடியலில் சரக்கு வண்டி ஏறும்போது படாரென்று உடையும். அதனால் ரயில்வேயில் இரண்டு வகையாகப் பிரிப்போம்: உடனே அகற்று, அல்லது கண்காணி. விரிசலின் அளவு, எந்த இடத்தில், பாலத்தின் மேலா வெட்டவெளியிலா என்று பார்த்துத்தான் பிரிப்பது.

மருத்துவர்களும் இதையே செய்கிறார்கள். ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று 7 ஆய்வுகளில் சேர்ந்திருந்த 2,596 நோயாளிகளின் கணக்கைத் தொகுத்து 2006-ம் ஆண்டு ஒரு மதிப்பெண் பட்டியல் வெளியிட்டது. கட்டிகள் எத்தனை, 3 சென்டிமீட்டருக்கு மேலா கீழா, முன்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா, டி.ஏ.யா டி-1-ஆ, படர்ந்த வகை கூட இருக்கிறதா, செல்களின் முகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஆறு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 5 ஆண்டுகளில் முற்றும் வாய்ப்பு கிடைக்கிறது. மிகக் குறைந்த பிரிவில் 100 பேருக்கு ஒருவர் கூட இல்லை. மிக உயர்ந்த பிரிவில் 100-க்கு 45 பேர். அந்த 2,596 பேரில் பி.சி.ஜி. மருந்து பெற்றவர்கள் 171 பேர் மட்டுமே; ஆகவே இன்று முறையாக மருந்து பெறுபவர்களுக்கு அந்த எண் சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். பிற்பாடு திருத்திய பட்டியல்களும் வந்துவிட்டன.

பட்டியலில் ஒரு குறை உண்டு. 100-க்கு 45 என்றால், அந்த 45-ல் நானா, மிச்சமுள்ள 55-ல் நானா? பட்டியல் கும்பலைப் பற்றிப் பேசுகிறது. படுக்கையில் கிடப்பவன் ஒருத்தன்தான். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று முற்றுகிறது, மற்றது முற்றுவதில்லை. இந்த வித்தியாசம் செல்லுக்குள்ளே, புரதங்களில் தெரியுமா என்று தேடத் தொடங்கியதுதான் இந்தப் புரோட்டீன் மார்க்கர் விஷயம்.

இதற்கும் தண்டவாளத்தில் உதாரணம் உண்டு. எஃகு காய்ச்சும்போது ஹைட்ரஜன் வாயு அதிகமாகத் தங்கிவிட்டால், உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகள் உண்டாகி, பல வருஷம் கழித்து அங்கிருந்து விரிசல் விரியும். உடைந்த முகத்தைப் பார்த்தால் அவரை விதை போல, சிறுநீரகம் போல ஒரு வட்டம் தெரியும். அதை நாங்கள் கிட்னி விரிசல் என்றே சொல்வோம். (தண்டவாளத்துக்கும் கிட்னி கெடும் என்று பயிற்சிப் பையன்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அப்போது எனக்குத் தெரியாது, என் முறையும் வரும் என்று.) விரிசலின் நீளத்தை அளப்பது ஒரு வகை, எஃகின் உள்குணத்தைச் சோதிப்பது வேறு வகை. புரதச் சோதனை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சுரண்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக்குவார்கள். இதற்கு பிளாக் என்று பெயர். அதை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். தேடுகிற புரதத்தை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை அதன் மேல் விடுவார்கள். பிடித்த இடம் பழுப்பாகும்படி ஒரு சாயம். மற்ற உட்கருக்கள் நீலமாகத் தெரிய வேறொரு சாயம். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ணுவார்கள். எண்ணுவது மனிதர். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

புரதங்களில் பேர் பெற்றது பி-53. 1979-ம் ஆண்டு பல ஆய்வுக்கூடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆய்வுக்கூட அளவையில் அதன் எடை 53 ஆயிரம் டால்டன் என்று தோன்றியதால் அந்தப் பெயர். 17-ம் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் இதைச் செய்கிறது. இதன் வேலை காவல். செல்லின் மரபுப் பொருளில் பழுது ஏற்பட்டால் செல் இரண்டாகப் பிரிவதை நிறுத்தும். பழுது தீராவிட்டால் செல்லையே சாகவைக்கும். சிவப்பு விளக்கைப் போட்டு வண்டியை நிறுத்தும் சிக்னல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கை. நல்ல பி-53 சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். அதனால் நல்ல செல்லில் கறை அநேகமாகத் தெரியாது. கெட்டுப்போன பி-53 அழியாமல் உட்கருவில் தேங்கிக் கிடக்கும். அங்கேதான் பழுப்புக் கறை தெரியும். ஆகவே கறை தெரிந்தால் காவலர் இருக்கிறார் என்று பொருளல்ல. வேலை செய்யாத காவலர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று பொருள். சில வகைப் பழுதில் புரதமே உண்டாவதில்லை. அப்போது ஜீன் கெட்டிருந்தும் கறை தெரியாது. சோதனையின் முதல் ஓட்டை இது.

1994-ம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில், பை அகற்றப்பட்ட 243 நோயாளிகளின் சதையைப் பரிசோதித்து எழுதினார்கள். உட்கருவில் பி-53 தேங்கியவர்களுக்கு நோய் திரும்ப வருவதும் மரணமும் கூடுதல் என்று முடிவு. உலகமே பரபரப்படைந்தது. அந்தக் கறையை நம்பியே சிகிச்சையைத் தீர்மானித்தால் என்ன என்று ஒரு பெரிய ஆய்வும் தொடங்கினார்கள். 521 பேர் பதிவு செய்துகொண்டார்கள்; 499 பேருக்குப் பி-53 பார்த்தார்கள்; 272 பேருக்குக் கறை. அவர்களில் சம்மதித்த 114 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல் இரண்டு அணியாக்கி, ஒரு அணிக்கு மட்டும் கீமோதெரபி. 2011-ம் ஆண்டு முடிவு வெளியானபோது, மருந்தால் அந்த அணிக்குப் பயன் தெரியவில்லை. அதைவிட, கறை இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நோய் திரும்புவதில் எதிர்பார்த்த வித்தியாசமே காணவில்லை. பதினேழு வருஷ நம்பிக்கை! எனக்கு இதைப் படித்தபோது வருத்தத்தைவிட மரியாதைதான் வந்தது. தான் கட்டிய பாலத்தின் மேல் தானே பாரத்தை ஏற்றிப் பார்த்து, தாங்கவில்லை என்று ஊரறிய எழுதுவது சாதாரணக் காரியமல்ல.

அடுத்தது கி-67. ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983-ம் ஆண்டு அறிமுகமானது; ஊரின் பெயரும், சோதனைத் தட்டில் அது கிடைத்த குழியின் எண்ணும் சேர்ந்து அதன் பெயராயிற்று. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும் இது இருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லில் இராது. ஆகவே கி-67 அதிகம் என்றால் கட்டி வேகமாகப் பெருகுகிறது என்று அர்த்தம். இது உண்மைதான், பயனுள்ளதும்தான். ஆனால் எத்தனை சதவீதத்துக்கு மேல் அதிகம்? ஒரு ஆய்வில் 10, இன்னொன்றில் 20, வேறொன்றில் இன்னும் வேறு. எண்ணுபவர் கட்டியின் எந்த மூலையைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறும். ஒவ்வொரு கேங்மேனும் தன் சொந்த கேஜால் பாதையை அளந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னும் பல உண்டு. ஈ-கேட்ஹெரின் என்பது செல்லைச் செல்லோடு பிணைக்கும் புரதம். தண்டவாள இணைப்பில் பிஷ்பிளேட்டும் போல்ட்டும் போல. அது குறைந்தால் செல்கள் கழன்று ஆழம் போகும். ஆர்.பி., பி-21, பி-27, சைக்ளின் ஈ என்று செல் பிரியும் கடிகாரத்தின் பல சக்கரங்கள். ஒற்றைச் சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, ஐந்தாறைச் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் முயன்றார்கள். பை அகற்றப்பட்ட 216 பேருக்கு ஐந்து புரதங்களை முன்கூட்டியே திட்டமிட்டுப் பார்த்து 2013-ம் ஆண்டு வெளியிட்டார்கள். மாறிப்போன புரதங்களின் எண்ணிக்கை கூடக்கூட நோய் திரும்பும் ஆபத்தும் கூடியது. வழி இதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் அவர்கள் ஏற்கெனவே பையை இழந்தவர்கள்; பையோடு இருக்கும் என் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

எதிர்த் திசையில் ஒரு நல்ல அடையாளமும் உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்-3 என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் பெரும்பாலும் அது சுண்ணாம்போடு நிற்கும் சாதுவான வகை. முற்றிய நோயில் அதே மாற்றம் இருப்பவர்களுக்கென்று எர்டாஃபிடினிப் என்ற மாத்திரையை அமெரிக்க அரசு 2019-ம் ஆண்டு அனுமதித்தது. முற்றுமா என்று சொல்வதைவிட, எந்த மருந்து கேட்கும் என்று சொல்வதில்தான் இந்த அடையாளங்கள் முதலில் உபயோகப்பட்டிருக்கின்றன.

சிறுநீரிலேயே புரதம் பார்க்கும் சோதனைகளைப் பற்றியும் நண்பர் கேட்டார். என்.எம்.பி-22 என்ற சோதனை 1996-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முற்றுமா என்று சொல்வதற்கு அல்ல. கல் இருந்தாலும், தொற்று இருந்தாலும், வெறும் ரத்தம் இருந்தாலும் அது இருக்கிறது என்று தவறாகச் சொல்லிவிடும். குழாய்க் கேமராவால் உள்ளே பார்க்கும் சிஸ்டாஸ்கோபிக்கு அது மாற்றாகாது.

இப்போது என் கட்டிக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் டி-1, உயர்தரம் என்று இருந்தது. உயர்தரம் என்றதும் நல்லது என்று நினைத்து மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே உயர்தரம் என்றால் பொல்லாதது. டாக்டர் இரண்டு வழி சொன்னார்: பையை இப்போதே எடுத்துவிடுவது, அல்லது மறுபடி ஒருமுறை சுரண்டிப் பார்த்து, மிச்சம் இல்லையென்றால் பி.சி.ஜி. கொடுத்துப் பையைக் காப்பது. அன்றிரவு லாட்ஜில் தூக்கமில்லை. மறுநாள் காலை, கம்ப்யூட்டரில் படித்து எழுதி வைத்திருந்த புரதங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். மகன் வயதுதான் அந்த டாக்டருக்கு. பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, பி-53 முப்பது சதவீதம்னு வந்தா இன்னைக்கே பையை எடுத்துடச் சொல்வீங்களா?"

"அது... யோசிப்பேன்."

"அஞ்சு சதவீதம்னு வந்தா சிஸ்டாஸ்கோபிக்கு வராம இருந்துடுவீங்களா?"

"இல்லை, வருவேன்."

"அப்ப அந்த எண்ணை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. எந்த அளவீடானாலும், இந்த அளவுக்கு மேல் போனால் இதைச் செய், கீழே இருந்தால் அதைச் செய் என்று முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று என் ஜூனியர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். என் வயிறு என்று வந்ததும் மறந்துவிட்டது. முடிவு எடுக்கும் பயத்தை ஒரு எண்ணின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்று வரை, முற்றுமா என்று கணிக்க எந்த ஒரு புரதத்தையும் வழக்கமான சோதனையாகச் செய்யும்படி ஐரோப்பியச் சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி நூல் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காகச் செய்வது வேறு. அதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பையைக் காப்பது என்று முடிவு செய்தோம். இரண்டாம் முறை சுரண்டியதில் மிச்சம் இல்லை.

பி.சி.ஜி. என்றதும், அது குழந்தைக்குத் தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசி அல்லவா என்பீர்கள். அதேதான். கனடாவின் கிங்ஸ்டன் நகரத்தில் மொராலெஸ் என்ற டாக்டர் 1976-ம் ஆண்டு 9 நோயாளிகளுக்கு இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திய அனுபவத்தை எழுதினார். வாரம் ஒன்றாக ஆறு வாரம். ஏன் ஆறு? மருந்து ஆறு குப்பிகளாகக் கட்டி வந்தது, அதனால்தான் என்பார்கள். இன்றைக்கும் உலகம் முழுதும் முதல் சுற்று ஆறு வாரம்தான்! உயிருள்ள, ஆனால் வீரியம் குறைந்த அந்தக் கிருமி பைக்குள் போனதும் உடம்பின் எதிர்ப்புப் படை அங்கே திரண்டு வந்து, புற்று செல்களையும் சேர்த்து அடிக்கிறது. இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரம் வரை ஒவ்வொரு முறை போனதும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைக்க வேண்டும். ஒருநாள் குளிர் ஜுரம், எரிச்சல் உண்டு. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட் இதற்கென்றே பி.சி.ஜி. தயாரிக்கிறது.

நம் பகுதிக்கும் இந்த மருந்துக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. பலமனேரிலிருந்து புங்கனூர் வழியாகப் போனால் மதனப்பள்ளி. பழைய சித்தூர் மாவட்டத்து ஊர். அங்கே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை 1915-ல் திறக்கப்பட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த ஃபிரிமோட்-மோல்லர் அதன் தலைவராக இருந்தார். இந்தியாவில் பி.சி.ஜி. போடத் தொடங்கிய இடம் அந்த மதனப்பள்ளிதான், 1948-ம் ஆண்டு ஆகஸ்டில். அதே ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் அரசு ஆய்வுக்கூடமும் வந்தது. பிறகு 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் மிகப் பெரிய சோதனை நடத்தினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தது. ஒரு வேலையில் தோற்ற மருந்து, கிட்டத்தட்ட அதே காலத்தில் யாரும் நினைக்காத வேறொரு வேலையில் ஜெயித்திருக்கிறது. என் முதல் டோஸ் அன்று, படுக்கையில் இடமும் வலமுமாகப் புரண்டுகொண்டே மதனப்பள்ளியை நினைத்துக்கொண்டேன்.

இனி, நான் மனமறிந்து எழுதத் தயங்கும் ஒன்று. சிகிச்சைக்குப் போன இடத்தில் பழக்கமான ஒரு நண்பர். லாரி டிரைவராக இருந்தவர். அவருடைய முதல் கட்டி சிறியது, மேலோட்டமானது. எங்கோ ஒரு லேபில் கி-67 பார்த்து, குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நமக்கு முத்தாதுங்க, எழுதியே குடுத்துட்டாங்க" என்பார். மூன்றாம் மாத சிஸ்டாஸ்கோபிக்கு வந்தார். அதன் பிறகு வரவில்லை. வாடகை, சவாரி, மகள் கல்யாணம். இரண்டு வருஷம் கழித்து ரத்தக் கட்டி அடைத்து சிறுநீர் போகாமல் வந்தபோது செங்கலைத் தாண்டிவிட்டிருந்தது. பையை எடுத்து, வயிற்றோரம் வெளியே ஒரு பை பொருத்தி, இன்று உயிரோடு இருக்கிறார். "என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றார். பேர் வேண்டாம். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. அன்று அந்தச் சதையில் கி-67 குறைவாகவே இருந்திருக்கலாம். ஆனால் கண்காணி என்று குறியிட்ட தண்டவாளத்தை யாரும் போய்க் கண்காணிக்காவிட்டால் அந்தக் குறி எதற்கு? ஆபத்து குறைந்த வகைக்கு மூன்றாம் மாதம் ஒருமுறை, ஓராண்டு முடிவில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஐந்தாண்டு. என் போன்ற வகைக்கு முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கொருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கொருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

காரணங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் புகை. பீடி, சிகரெட் இரண்டும்தான். புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரில் மணிக்கணக்காகப் பைக்குள் தேங்குகிறது. நான் பத்தொன்பது வயதில் தொடங்கி இருபத்தாறு வருஷம் பிடித்தவன். இரண்டாவது, சாயம். ஜெர்மனியில் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சாயத் தொழிற்சாலை ஊழியர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார். பென்சிடின், நாப்தைலமின் போன்ற பொருட்கள். நம் நாட்டில் 1997-ம் ஆண்டு மத்திய அரசு இத்தகைய 112 சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஆனால் அதற்கு முன் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்களே! நம் சங்கத்தில் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் சாயப்பட்டறைகளில் இளமையில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர்கள் எத்தனை குடும்பம்? இந்த நோய் வேலையை விட்டு இருபது, முப்பது வருஷம் கழித்தும் வரும். அவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் பழைய வேலையையும் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்கமாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும்.

பேரணாம்பட்டு நண்பருக்கு என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? சம்பந்தியின் ரிப்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். டி-1 என்று இருந்தது. சுரண்டிய சதையில் தசை சேர்ந்து வந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. செங்கல் ஒரு துண்டும் வராமல் செங்கலில் இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? புரதத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. மெழுகு பிளாக்கை அந்த லேபிலிருந்து எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிட்டோம். பிளாக் நம்முடையது, கேட்டால் தருவார்கள், பல வருஷம் கெடாது. பின்னால் நல்ல சோதனை வந்தால் அதிலேயே பார்க்கலாம். சென்ற வியாழக்கிழமை சம்பந்தியும் அவர் மகனும் நானும் காலை ஐந்து மணி பஸ்ஸில் சித்தூர் போய், அங்கிருந்து வேலூர் போனோம். பிளாக்கை மறுபடி சீவிப் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை சுரண்டவும் தேதி கொடுத்திருக்கிறார்கள். லேபுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் அதற்கு ஆகும் என்றார் நண்பர்.

அதே வரிசையில் எனக்கும் அன்று சிஸ்டாஸ்கோபி இருந்தது. சுத்தமாக இருக்கிறது; அடுத்தது ஆறு மாதம் கழித்து.